தந்தியில் படாத வில்

ஜூன் 2, ஞாயிறு

ஒத்திகை. நூலகத்தின் மாடிக் கூடத்தில் இரண்டு மின்விசிறிகளில் ஒன்று ஓடவில்லை. ஓடாத விசிறிக்குக் கீழேதான் இரண்டாம் வயலின்காரர்கள் நாங்கள் நால்வரும். நான், எனக்குப் பக்கத்தில் பல் டாக்டரம்மா, பின்வரிசையில் பிசிக்ஸ் டீச்சரும் இன்சூரன்ஸ்காரரும். டாக்டரம்மா இந்த ஆண்டுதான் எங்கள் இசைக்குழுவில் சேர்ந்தார். நாற்பது வயதுக்குப் பிறகு வயலின் கற்றுக்கொண்டவர்.

குழுவை நடத்தும் மாஸ்டர் தானே எழுதிய இசையை இம்முறை மாதக் கடைசி நிகழ்ச்சிக்கு எடுத்திருக்கிறார். நடுவில் ஓரிடத்தில் எல்லாக் கருவிகளும் நின்றுவிடும். செல்லோ, அந்தக் கனத்த குரல் கொண்ட பெரிய வயலின், மட்டும் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அதன் மேல் நாங்கள் நால்வரும் மூச்சு விடாமல் ஓட வேண்டும், அரைப் பக்கத்துக்கு. அந்த இடத்துக்கு நாங்கள் வைத்த பெயர் ரயில்.

எனக்கு அந்த ரயிலை ஓட்டத் தெரியாது.

இதை இங்கே எழுதக்கூட இவ்வளவு நாளாயிற்று. ரயில் வந்ததும் என் வில் தந்தியை விட்டு மயிரிழை மேலே எழும்பிவிடுகிறது. கை போய் வருகிறது, விரல்கள் ஓடுகின்றன, தலைகூடச் சரியான இடத்தில் அசைகிறது. சத்தம் மட்டும் கிடையாது. மற்ற மூன்று பேர் வாசிக்கிறார்களே, யாருக்குத் தெரியப்போகிறது?

இன்று டாக்டரம்மா ரயிலில் தடம் புரண்டார். உரக்கப் புரண்டார். மாஸ்டர் பென்சிலால் மேசையைத் தட்டி நிறுத்தினார்.

"யாரது?"

"நான்தான் மாஸ்டர்! ரொம்ப வலிச்சுதுன்னா சொல்லுங்க, மரத்துப்போற ஊசி போட்டுடலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. "மத்த மூணு பேரும் எவ்வளவு அடக்கமா வாசிக்கிறாங்க பாருங்க டாக்டர். அந்த அடக்கம் வேணும்."

அடக்கம்! நான் இசைத்தாளை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 5, புதன்

குடிநீர்த் தொட்டி விவகாரமாக மாநகராட்சிப் பொறியாளரைப் பிடித்தேன். "நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களா, இல்ல பாத்ததா கையெழுத்து மட்டும் போட்டீங்களா?" அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்கும்வரை நான் காத்திருந்தேன். போகவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. நிருபர் வேலையில் கற்றுக்கொண்டது இதுதான்: பதிலைவிட, பதிலுக்கு முன்னால் கை என்ன செய்கிறது என்று பார்ப்பது.

ரயில் முடிந்ததும் நான் வில்லின் திருகைத் தளர்த்தி, மறுபடி இறுக்குகிறேன். எல்லா ஞாயிறும்.

ஜூன் 8, சனி

பீரோ மேல் இருப்பதையெல்லாம் இறக்கித் துடைக்கச் சொல்லிவிட்டாள் மனைவி. மவுத் ஆர்கன். துருத்தி கிழிந்த ஹார்மோனியம். இரண்டு புல்லாங்குழல்கள். தந்தி ஒன்று அறுந்த கிட்டார்.

"அடுத்தது என்ன, டிரம்ஸா? முன்கூட்டியே சொல்லிடுங்க. நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுறேன்."

வாத்தியம் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பைத்தியம். பலமுறை கையை விட்டுப் போனாலும் ஆசை போனதில்லை, இதுவரை அப்படித்தான் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நாற்காலி மேல் நின்று தூசி தட்டும்போது ஒவ்வொன்றையும் எங்கே விட்டேன் என்று யோசித்தேன். ஹார்மோனியத்தை, இடக்கை விரல்களுக்கும் வேலை வந்தபோது விட்டேன். குழலை, மேல்சுரங்களுக்கு மூச்சு போதாதபோது. கிட்டாரை, ஒரே விரலால் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டிய இடத்தில். நேரம் இல்லாமல் போயிற்று என்று எல்லாரிடமும் சொன்னேன். நேரம் இருந்தது. கடினமான இடம் வந்ததும் அடுத்த கடைக்குப் போய் அடுத்த வாத்தியத்தை வாங்கியிருக்கிறேன். அதுதான் நடந்தது.

வயலினை மட்டும் விடவில்லை என்ற பெருமை இருந்தது. வயலினில் விடாமலே விடும் வழியைக் கண்டுபிடித்துவிட்டேன், அவ்வளவுதான்.

ஜூன் 23, ஞாயிறு

கடைசி ஒத்திகை. ரயிலில் டாக்டரம்மா மறுபடி தப்பு. முன்னைவிடக் குறைவு. ஓரிடம்தான், ஆனால் அந்த ஓரிடம் கூடம் முழுக்கக் கேட்டது.

எல்லோரும் பெட்டிகளை மூடிக்கொண்டிருந்தபோது மாஸ்டர் எங்கள் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நிகழ்ச்சியில அந்த இடம் மட்டும் வில்லைத் தந்தியில வைக்க வேண்டாம். சும்மா ஆட்டுங்க. மத்த மூணு பேர் பாத்துக்குவாங்க."

"வாசிக்கிற மாதிரி நடிக்கணுமா?"

"ஒரே ஒரு இடம்தான். சார் பக்கத்துல இருக்காரே, அவர் கையைப் பாத்து அதே மாதிரி ஆட்டுங்க."

சார் என்றால் நான்தான். என் கையைப் பார்த்து!

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தது போலிருந்தது. நான் வில்லின் திருகைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அவர் வேடிக்கை பேசவில்லை, "சரி மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். நல்ல மனுஷி. உழைத்து வாசிப்பவரை நடிக்கச் சொல்கிறார்கள், நடிப்பவனை அவருக்கு உதாரணமாகக் காட்டுகிறார்கள். வாயைத் திறக்க எனக்கு ஒரு நிமிடம் இருந்தது. படியிறங்கும்வரை இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை இருந்தது.

ஜூன் 27, வியாழன்

கதவைச் சாத்திக்கொண்டு ரயிலைப் பழகினேன். மெதுவாக வாசித்தால் முதல் வரி வருகிறது. மாஸ்டரின் வேகத்தில் விரல்கள் ஒன்றன் மேல் ஒன்று விழுகின்றன.

மனைவி கதவைத் திறந்தாள். "ஏங்க, அந்த இடம் வந்ததும் நின்னுபோகுது, அந்த இடம் வந்ததும் நின்னுபோகுது. பழைய ஸ்கூட்டரைக் கிளப்புற மாதிரியே இருக்கு."

டீச்சரும் இன்சூரன்ஸ்காரரும் இருக்கிறார்கள். போதும்.

ஜூன் 29, சனி

நிகழ்ச்சி முடிந்தது. ரயில் வரவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. நடந்தது நடந்தபடி இதோ.

அரங்கில் பாதிக்கு மேல் ஆட்கள். மனைவி மூன்றாவது வரிசையில். எங்கள் பத்திரிகையின் கலைப்பக்கத்தைப் பார்ப்பவரும் வந்திருந்தார். வயதில் எனக்கு இளையவர்தான், ஆனாலும் அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் அக்கா. இசை நன்றாகத்தான் போயிற்று. எல்லாக் கருவிகளும் நின்றன. செல்லோ தன் ஒற்றைச் சுரத்தைப் பிடித்தது. மாஸ்டரின் கை எங்களை நோக்கி இறங்கியது.

நான்கு வில்லும் பறந்தன. சத்தம் இல்லை.

டாக்டரம்மாவின் வில் ஊமையாகத்தான் இருக்கும் என்று தெரியும். எனக்குப் பின்னால் இரண்டு பேர் வாசிக்க வேண்டும். பின்னாலிருந்து சட்டைக் கையின் சரசரப்பு கேட்டது, அவ்வளவுதான். அவர்களும் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது — இத்தனை வாரமும் அந்த இடத்தை உண்மையாக வாசித்தவர் டாக்டரம்மா ஒருவர்தான். நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் நம்பிக் காற்றை அறுத்துக்கொண்டிருந்தோம். மாஸ்டர் புகழ்ந்த அடக்கம் அதுதான்.

அப்போதாவது வில்லைத் தந்தியில் வைத்திருக்கலாம். தப்பாகவாவது. வைக்கவில்லை. நிறுத்தவும் தைரியம் இல்லை. அரைப் பக்கம் முடியும்வரை ஆட்டினேன். செல்லோக்காரர் கண்ணை உருட்டிக்கொண்டு அந்த ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருந்தார், தண்டவாளத்தில் தனியாக நிற்பவர் மாதிரி.

மேடைக்குப் பின்னால் மாஸ்டருக்கு முகமெல்லாம் வியர்வை. "யாருமே வாசிக்கலையா? என்ன ஆச்சு உங்களுக்கு?"

இன்சூரன்ஸ்காரர் தரையைப் பார்த்தார். டீச்சர் கைக்குட்டையைத் தேடினார். அதற்குள் அக்கா உள்ளே வந்துவிட்டார். நேராக என்னிடம்தான் வந்தார்.

"பிரமாதம் போங்க! அந்த நடு இடம்... எல்லாரும் வாசிக்கிற மாதிரி வில்லை ஆட்டிக்கிட்டு, சத்தமே இல்லாம! புல்லரிச்சுப் போச்சு. வேணும்னே அப்படி வச்சதுதானே?"

"ஆமா," என்றேன்.

யோசிக்கவில்லை. அவ்வளவு சுலபமாக வந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு மெல்லத் தலையசைத்தார். டாக்டரம்மா பெட்டியை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்க வில்லு ஆடுச்சு, பாத்தேன். அது சரி, பாட்டு எங்க?"

ஜூலை 2, செவ்வாய்

கலைப்பக்கத்தில் வந்துவிட்டது. 'ஒலி உச்சத்துக்குப் போகும் என்று காத்திருந்த இடத்தில் மௌனத்தை வைத்த துணிச்சல்' என்று எழுதியிருக்கிறார் அக்கா. 'இது திட்டமிட்டே அமைக்கப்பட்டது என்கிறார் குழுவின் மூத்த கலைஞர் ஒருவர்.'

மூத்த கலைஞர் நான்தான்.

எங்கள் பத்திரிகையில், என் வாய்ச்சொல்லை நம்பி, பொய். யார் சொன்னார்கள், வேறு யாரிடம் கேட்டாய் என்று எத்தனை பேரின் செய்தியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அக்கா வேறு யாரிடமும் கேட்கவில்லை. சொன்னது நான் என்பதால் கேட்கவில்லை.

காலையில் மாஸ்டர் தொலைபேசியில் அழைத்தார். அன்று நிஜமாகவே என்ன நடந்தது என்று கேட்டார். மேடையைப் பார்த்ததும் பதட்டமாகிவிட்டது, மூன்று பேருக்கும் கை ஓடவில்லை என்றேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற இன்னொன்று. இது எனக்கே கேவலமாக இருக்கிறது.

ஜூலை 7, ஞாயிறு

மாஸ்டர் கலைப்பக்கத்தைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டியிருந்தார். செப்டம்பரில் ஒரு பள்ளி அரங்கில் மறுபடி வாசிக்க அழைப்பு வந்திருக்கிறதாம். "அந்த இடத்தை இனிமே மௌனமாவே வச்சுக்கலாம். ரயிலை எடுத்துட்டேன்."

இன்சூரன்ஸ்காரர் வெளியே தெரியும்படி பெருமூச்சு விட்டார். நானும் விட்டேன்.

டாக்டரம்மா எழுந்தார். "மாஸ்டர், எனக்கு அந்த இடம் வேணும். ஆறு மாசமா அதைத்தான் பழகிக்கிட்டு இருக்கேன். இப்போ முழுசா வருது. ஒரு தடவை வாசிச்சுக் காட்டட்டுமா?"

"வேண்டாம் டாக்டர்."

"ஒரே ஒரு தடவை."

"டாக்டர், நான் சொல்ல வேண்டாம்னுதான் பாத்தேன். மேடையில மூணு பேருக்கும் கை ஓடாமப் போனதுக்குக் காரணம் யாரு? வாரா வாரம் பக்கத்துல ஒருத்தர் தப்புத் தப்பா, சத்தமா வாசிச்சா நல்லா வாசிக்கிறவங்களுக்கும் தடுமாறும். சார்கிட்டயே கேளுங்க."

மறுபடியும் சார்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். டீச்சர் பின்னாலிருந்து என் நாற்காலியைக் காலால் லேசாக இடித்தார் — சொல் என்றா, சொல்லாதே என்றா? நான் சொன்னது: "அப்படியெல்லாம் இல்ல... எல்லாருக்கும் நடக்கறதுதானே."

எல்லாருக்கும் நடக்கிறதுதானே! என்ன வாய் இது!

டாக்டரம்மா வயலினைப் பெட்டியில் வைத்தார். வில்லைத் துடைத்தார், அவசரமில்லாமல். "சரி மாஸ்டர். அப்போ நான் எதுக்கு?" என்றார். போய்விட்டார். அவர் நாற்காலியின் மேல் யாரோ தண்ணீர்ப் பாட்டிலை வைத்தார்கள்.

ஜூலை 8, திங்கள்

மூன்று முறை அழைத்தேன். டாக்டரம்மா எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஜூலை 11, வியாழன்

பல்வலி என்று சொல்லி டாக்டரம்மாவின் மருத்துவமனையில் நேரம் வாங்கினேன். வேறு வழி தெரியவில்லை. வரவேற்பறைப் பெண் எந்தப் பல் என்றாள். கீழே இடது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

டாக்டரம்மா முகக்கவசத்துக்கு மேல் என்னைப் பார்த்தார். ஆச்சரியம் தெரியவில்லை. "உக்காருங்க சார். வாயைத் திறங்க."

"டாக்டரம்மா, நான் உங்ககிட்ட ஒண்ணு —"

"வாயைத் திறந்துக்கிட்டுப் பேச முடியாது."

திறந்தேன். விளக்கு கண்ணில் அடித்தது. எச்சில் உறிஞ்சும் குழாய் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடந்தேன். அவர்தான் பேசினார்.

"நீங்க அந்த இடத்துல வாசிக்கிறதில்லைன்னு எனக்கு முதல் மாசமே தெரியும். பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்குக் காது இல்லையா? உங்களுக்குத் தோள்பட்டை வலின்னு நெனச்சேன். என் பேஷன்ட்ல பாதிப் பேர் வலியை வெளிய சொல்ல மாட்டாங்க. சார் பெரியவர், முடியலன்னு சொல்லக் கூச்சப்படுறார் போலன்னு விட்டுட்டேன். உங்க பக்கம் சத்தம் குறையுதுன்னு மாஸ்டர் கண்டுபிடிச்சுடுவாரேன்னுதான் நான் கொஞ்சம் பலமா வாசிச்சேன்."

பலமாக வாசித்தது எனக்காக. அந்தப் பலத்தில்தான் அவருடைய தப்புகள் கூடம் முழுக்கக் கேட்டன. அதற்குத்தான் அவருக்கு அந்தப் பேச்சு விழுந்தது.

கண்ணில் நீர் வந்தது. விளக்கினால் என்று நினைத்திருப்பார். நினைத்திருக்கட்டும்.

குழாயை எடுத்ததும் சொன்னேன். "தோள்பட்டை வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. எனக்கு வாசிக்கத் தெரியாது. அவ்வளவுதான்."

கவசத்தை இறக்கிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பல்லைப் பிடுங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

"தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே சார்."

"ஆமா."

"அன்னிக்கு மாஸ்டர் என்னைச் சொன்னாரே, அப்பவாவது."

"ஆமா."

"எழுந்திரிங்க. வலின்னு நீங்க சொன்ன பல்லு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல, அடுத்த பக்கத்துல, நெஜமாவே ஓட்டை இருக்கு. அதுக்கு இன்னொரு நாள் வாங்க."

ஜூலை 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஒத்திகை தொடங்குவதற்கு முன், எல்லோரும் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது. எழுந்து நின்றேன். எத்தனையோ பெரிய மனிதர்களை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டவனுக்கு, பதினொரு பேர் முன்னால் நாக்கு புரளவில்லை. ரயிலை நான் ஒருநாளும் வாசித்ததில்லை, நிகழ்ச்சியில் மட்டுமல்ல, ஒரு ஒத்திகையிலும் இல்லை, வாசித்தவர் டாக்டரம்மா மட்டும்தான் என்றேன். பதட்டம் என்று மாஸ்டரிடம் சொன்னது பொய். மௌனம் திட்டமிட்டது என்று பத்திரிகைக்குச் சொன்னதும் பொய்.

டீச்சரும் எழுந்துவிட்டார். "நானும்தான் மாஸ்டர்," என்று சொல்லி உட்கார்ந்து அழுதார். இன்சூரன்ஸ்காரருக்குக் கோபம். "உங்களுக்கு மனசாட்சி உறுத்துனா உங்க பேரை மட்டும் சொல்லிக்குங்க சார். எங்களை ஏன் இழுக்குறீங்க?" நான் அவர் பேரை எடுக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மாஸ்டர் ரொம்ப நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார். "நான் எழுதினதுல அந்த இடம்தான் எனக்குப் பிடிச்ச இடம். அதையே நான் எடுத்துப் போட்டேன்," என்றார். எங்களைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிறகு சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழிக்காமல், மெதுவாக உரித்து எடுத்தார். டாக்டரம்மாவை அவரே தொலைபேசியில் அழைக்கிறாராம்.

ஜூலை 15, திங்கள்

அக்காவிடம் போனேன். திருத்தம் போட வேண்டும் என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த கையை எடுக்காமலே கேட்டார். "எதுக்கு? யாரும் புகார் சொல்லலையே."

விஷயத்தைச் சொன்னேன். கை நின்றது.

"அந்த மௌனத்தைப் பத்தி எத்தனை பேர் என்கிட்ட பேசினாங்க தெரியுமா? என் மாமியார்கூட வெட்டி வச்சிருக்காங்க."

"தெரியாது அக்கா."

"நீங்க சொன்னீங்கன்னுதானே நான் வேற யாரையும் கேக்கல." குரல் உயரவில்லை. அதுதான் தைத்தது. "எழுதிக் குடுங்க. ரெண்டே வரி. அழகெல்லாம் வேண்டாம்."

எழுதினேன். அந்த இடத்தில் இசை இருந்தது, வாசிக்க வேண்டியவர்கள் வாசிக்கவில்லை, திட்டமிட்டது என்று தவறான தகவல் தந்தவர் இந்தப் பத்திரிகையின் நிருபர். நிருபர் என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் கை தயங்கியது. விட்டுவிட்டேன், அப்படியே இருக்கட்டும் என்று.

ஜூலை 17, புதன்

வந்துவிட்டது. தேநீர்க் கடையில் எனக்கு முன்னால் பேச்சு நின்றது. நான் கோப்பையோடு வெளியே போனதும் மறுபடி தொடங்கியது. பாதி சிரிப்பு. அவர்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டாக்டரம்மா மூன்று வாரமாக வரவில்லை. இன்று வந்தார். என்னோடு பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தார். ரயிலை வாசித்தார், தனியாக, முழுசாக. ஓரிடத்தில் இடறி, நிற்காமல் போனார். முடிந்ததும் மாஸ்டர் பென்சிலைத் தட்டவில்லை.

பிறகு மாஸ்டர் என்னைக் கேட்டார். "உங்களுக்கு எது வரைக்கும் வருது?"

"முதல் வரி. ரெண்டாவதுல பாதி."

"அப்போ அது வரைக்கும் வாசிங்க. அதுக்கு மேல ஆட்டாதீங்க."

டீச்சருக்கும் அதே உத்தரவு. அவருக்கு மூன்று வரி வருகிறதாம். எனக்குப் பொறாமை வந்தது. வெட்கம் கெட்ட மனசு.

ஆகஸ்ட் 22, வியாழன்

ஓட்டையை அடைத்தாயிற்று. டாக்டரம்மா வேலையைப் பற்றி மட்டும் பேசினார். கிளம்பும்போது, "ரெண்டாவது வரியில நாலாவது விரலை முன்னாடியே வச்சுப் பாருங்க அண்ணே," என்றார். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தேன். வரவில்லை. ஆனால் ஏன் வரவில்லை என்று தெரிந்தது.

செப்டம்பர் 21, சனி

பள்ளி அரங்கு. செல்லோ தன் சுரத்தைப் பிடித்தது. இன்சூரன்ஸ்காரர் அன்று போனவர் திரும்பவே இல்லை; மீதி மூன்று பேரும் தொடங்கினோம். முதல் வரி முழுவதும் வில் தந்தியில்தான் இருந்தது. என் சத்தம் என் காதுக்கே கரகரவென்று கேட்டது. இரண்டாம் வரியின் பாதியில் வில்லை எடுத்து மடியில் வைத்தேன். முன்வரிசை, எல்லா விளக்கும் மேலே. மற்ற இருவரும் ஓடிக்கொண்டிருக்க, கையைக் கட்டிய மாதிரி நான் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தேன். அரங்கு முழுக்க என்னைத்தான் பார்ப்பது போலிருந்தது. காது மடல் சுட்டது. அப்புறம் டீச்சரும் வில்லை இறக்கினார். கடைசி வரியை டாக்டரம்மா தனியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

திரும்பி நடந்து வரும்போது மனைவி சொன்னாள். "பக்கத்துல ஒரு அம்மா கேட்டாங்க, ஏன் அவர் மட்டும் பாதியில நிறுத்திட்டார்னு."

"நீ என்ன சொன்னே?"

"அவருக்கு அவ்வளவுதான் தெரியும்னு சொன்னேன்."